கடைசி எலியும் முதல் எலியும்

வயலில் நூறு எலிக்குத் தொண்ணூறு செத்தால் அந்தப் போகத்துக்கு அது நல்ல வேலை. தீவில் ஆயிரத்துக்கு 999 செத்தாலும் செலவும் உழைப்பும் வீண். பசிபிக் கடலின் ஹெண்டர்சன் தீவில் 2011-இல் ஹெலிகாப்டரில் இருந்து எலிமருந்து தூவினார்கள். அங்கிருந்த எலிகள் 50,000-க்குக் குறையாது. தப்பியவை 60 முதல் 80 வரைதான் என்று பிறகு மரபணு ஆய்வில் கணக்கிட்டார்கள். அந்தச் சொற்ப எலிகளே சில ஆண்டுகளில் தீவைப் பழையபடி நிரப்பிவிட்டன.

வெப்பமண்டலத் தீவுகளின் அரிய உயிர்களைக் காப்பது என்றதும் மரம் நடுவதும் கூண்டில் குஞ்சு பொரிக்க வைப்பதும்தான் முதலில் பேச்சில் வருகின்றன. இரண்டும் தேவைதான். ஆனால் தீவில் எலி இருக்கும்வரை நட்ட மரத்தின் விதையும் விட்ட பறவையின் முட்டையும் அதற்குத் தீனி. கடைசி எலியை ஒழிக்க வேண்டும். அதன்பின் முதல் எலி கரையேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் இந்த இரண்டின்மேல்தான் நிற்கின்றன.

கி.பி. 1500-க்குப் பிறகு உலகிலிருந்து மறைந்த பறவையினங்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது தீவுகளில் வாழ்ந்தவை. பகை விலங்கு இல்லாத இடத்திலேயே வழிவழியாக வாழ்ந்த பறவை தரையில் கூடு வைக்கும். பல கடற்பறவைகள் ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். எலி நெருங்கும்போதுகூட எழுந்து பறக்காமல் முட்டைமேலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவச் சரக்கோடு பசிபிக்கின் குவாம் தீவுக்குப் பழுப்பு மரப்பாம்பு வந்து சேர்ந்தது. அங்கிருந்த 12 வகைக் காட்டுப் பறவைகளில் 10 வகை இல்லாமல் போயின. குவாம் மீன்கொத்தி 1980-களின் இறுதியில் காட்டிலிருந்து மறைந்து கூண்டுகளில் மட்டும் மிஞ்சியது. 2024-இல் அதில் ஒன்பது பறவைகளைத் திறந்தவெளியில் விட்டபோது, பாம்பு நிறைந்த குவாமில் விட முடியவில்லை. எலியும் பாம்பும் இல்லாத பல்மைரா பவளத்தீவில்தான் விட்டார்கள்.

வெப்பமண்டலத்தில் எலி ஒழிப்பு ஏன் தவறுகிறது

எலி ஒழிப்பு முறைகள் பெரும்பாலும் குளிர்ந்த தீவுகளில் உருவானவை. அங்கே குளிர்காலத்தில் எலிக்கு உணவு குறைவு, பெரும்பாலும் குட்டியும் போடாது. பசித்த எலி எதைப் போட்டாலும் தின்னும். வெப்பமண்டலத்தில் அப்படி ஒரு காலமே வராது. ஏதாவது ஒரு மரம் காய்த்துக்கொண்டே இருக்கும், ஏதாவது ஒரு வளையில் குட்டி இருக்கும். ஆகவே வறண்ட பருவத்தின் கடைசி வாரங்களைத் தேர்ந்தெடுக்கிறோம். அப்போது காய்கனி குறைவு, குட்டியும் குறைவு, மழையில் மருந்து கரைந்துபோகும் பயமும் குறைவு.

மருந்து பெரும்பாலும் பிரோடிஃபாகூம். தானிய மாவில் செய்த, சுமார் 2 கிராம் எடையுள்ள உருண்டை; கிலோவுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் நஞ்சு. இரத்தம் உறைவதை அது தடுக்கும். தின்ற எலி அன்றே சாகாது, மூன்று நாளிலிருந்து பத்து நாள்வரை ஆகும். இந்தத் தாமதத்தால்தான் மருந்து வேலை செய்கிறது. தின்ற உடனே வயிறு வலித்தால் எலி அந்த உணவை மறுபடி தொடாது. நாள் கழித்து வரும் நோயை அது உருண்டையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஒருமுறை தூவினால் போதாது. முதல் தூவலின்போது வளைக்குள் பால் குடித்துக்கொண்டிருக்கும் குட்டிகள் மருந்தைப் பார்க்கவே பார்க்காது. தாய் செத்தால் சிறு குட்டிகள் பட்டினியில் சாகும். ஆனால் மூன்று வார வயதை நெருங்கிய குட்டி பால் மறந்து தானாக வெளியே வந்துவிடும். அதற்காகத்தான் இரண்டாவது தூவல். இடைவெளி குறைந்தது பத்து நாள். குட்டிகள் நிறைய இருக்கும் என்று சந்தேகம் வந்தால் மூன்று வாரம்வரை நீட்டலாம். செலவைக் குறைக்க இரண்டாவது சுற்றில் கைவைக்கும் யோசனை ஒவ்வொரு திட்டத்திலும் எழும். அதற்கு இடம் கொடுக்கவே கூடாது.

அடுத்த சிக்கல் தரை நண்டு. நண்டின் உடலில் இரத்தம் உறையும் விதமே வேறு என்பதால் இந்த மருந்து அதைக் கொல்வதில்லை. எலிக்குப் போட்டதை எல்லாம் இரவோடு இரவாக அது தின்றுவிடும். பல்மைராவில் மருந்துப் பெட்டிகளை வைத்து முன்பு செய்த முயற்சி தோற்றது. 2011-இல் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 80 கிலோ அளவில் தூவினார்கள். குளிர்ந்த தீவுகளில் பெரும்பாலும் 10 முதல் 20 கிலோவே போதும். நண்டுக்கும் போட்டு, எலிக்கும் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. இதை ஊகித்துப் போடக்கூடாது. நஞ்சில்லாத உருண்டையைச் சிறு இடத்தில் தூவி, குறைந்தது நான்கு இரவுகள் தரையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும்.

தென்னை இன்னொரு பொறி. தென்னங்கொண்டையில் குடியிருக்கும் எலிக்கு இளநீரும் குரும்பையும் அங்கேயே கிடைக்கின்றன. அது வாரக்கணக்கில் தரைக்கு இறங்காது. தரையெல்லாம் மருந்து கிடந்தாலும் அந்த மரத்து எலி தப்பும். ஆகவே மட்டை இடுக்குகளிலும் மருந்து விழ வேண்டும். தண்ணீர்மேல் சாய்ந்து நிற்கும் மரங்களை ஹெலிகாப்டர் தவறவிடும். அவற்றுக்குக் கவண் கொண்டோ கையாலோ மருந்தைப் போட்டாக வேண்டும். பல்மைராவில் இத்தனையும் பலித்தது. எலி போன பிறகு உள்ளூர் மரங்களின் கன்றுகள் தரையெங்கும் முளைத்தன. அங்கிருந்த ஆசியப் புலிக் கொசுவும் மறைந்தது. கடிக்கப் பாலூட்டி இல்லாமல் போனதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மருந்து எலியை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை. உருண்டையைக் கொத்தும் பறவையும் சாகும், மருந்து தின்ற நண்டையும் பல்லியையும் பிடித்துத் தின்னும் பறவையும் சாகும். இந்தியப் பெருங்கடல் நாடான செஷெல்ஸின் ஃப்ரெகேட் தீவில் 2000-இல் எலியை ஒழித்தபோது அங்கிருந்த செஷெல்ஸ் குண்டுக்கரிச்சான்களைப் பிடித்து அடைத்து வைத்துக்கொண்டுதான் மருந்து போட்டார்கள். தரையில் மருந்தும், பூச்சிகளில் அதன் எச்சமும் குறைந்த பிறகே பறவைகளைத் திறந்துவிட வேண்டும். மனிதர் வாழும் தீவென்றால் அதுவரை யாரும் நண்டு பிடித்துச் சாப்பிடக்கூடாது. கோழித் தீவனம் இரவில் திறந்து கிடக்கக்கூடாது. ஒரே ஒரு வீடு “எங்கள் பரண்மேல் மருந்து வைக்க வேண்டாம்” என்றால் தீவு முழுவதும் தோற்கும். அதனால் ஹெலிகாப்டர் பேச்சை எடுப்பதற்கு முன் வீடுவீடாக உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. அதற்கு ஓர் ஆண்டு பிடித்தாலும் அது வீண்போவதில்லை.

வேலை முடிந்ததா என்று அறிய வாசனை சேர்த்த மெழுகுக் கட்டிகளை நண்டு எட்டாத உயரத்தில் மரத்தில் ஆணியடித்து வைப்போம். அந்தக் கட்டியை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பார்க்கப் பழக வேண்டும். எலியின் முன்பற்கள் பக்கம் பக்கமாக இரண்டு பள்ளக் கோடுகளை இழுத்திருக்கும், உளியால் செதுக்கியதுபோல் விளிம்பு சுத்தமாக இருக்கும். சுண்டெலியின் இரட்டைக் கோடு அதில் பாதி அகலம். நண்டு தொட்ட கட்டியோ ஓரம் கிள்ளிப் பிய்ந்து, வடிவம் இல்லாமல் இருக்கும். இன்னொன்றும் செய்ய வேண்டும். ஒழிப்புக்கு முன்பே முப்பது, நாற்பது எலிகளின் வால்நுனியை எரிசாராயத்தில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் ஒரு எலி அகப்பட்டால் அது தப்பிய பழைய எலியா, படகேறி வந்த புது எலியா என்று மரபணுவை ஒப்பிட்டுச் சொல்ல வேறு வழி இல்லை. இரண்டுக்கும் அடுத்துச் செய்ய வேண்டியது முற்றிலும் வேறு.

சரக்கோடு வருபவை

கருப்பு எலி சில நூறு மீட்டர் கடலை நீந்திக் கடக்கும். அவ்வளவு நெருக்கமான தீவுகளை ஒன்றாகச் சேர்த்தே சுத்தம் செய்ய வேண்டும். தூரத்துத் தீவுகளுக்கு எலி நம் மூட்டையில்தான் வருகிறது. எலி மட்டுமா? அந்தமானில் இந்தியப் பெருந்தவளை பரவியதற்கு மீன்குஞ்சு வாங்கி வளர்த்ததே முக்கியக் காரணம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. மீன்குஞ்சோடு கலந்து வந்த தலைப்பிரட்டைகள் குளத்தில் உள்ள உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்றுவிடுகின்றன.

அட்டைப்பெட்டியைத் தீவுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதன் மடிப்புகளுக்குள் கரப்பான் முட்டையும் எறும்பும் பல்லி முட்டையும் பயணம் செய்யும். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி அல்லது டிரம் போதும். பொருளை அடுக்கிய உடனே மூடுங்கள். இரவு முழுக்கத் திறந்து கிடந்த வாளியைக் காலையில் மூடுவது எலியை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம். தீவில் கதவு மூடிய அறைக்குள் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஏதாவது குதித்து ஓடினால் அங்கேயே அடித்துவிடலாம். செருப்பு, ஷூவின் அடிப்பள்ளங்களில் உள்ள மண்ணைக் குச்சியால் சுரண்டி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பிறகுதான் கிருமிநாசினி தெளிக்க வேண்டும். மண்ணின்மேல் தெளித்த மருந்து உள்ளே இறங்காது. பையின் வெல்க்ரோ ஒட்டுப்பட்டைகளில் புல் விதை சிக்கியிருக்கும். மண்ணோடு கூடிய தொட்டிச் செடியை அறவே தவிர்க்கலாம். எறும்பு, நத்தை, தவளை எல்லாம் அந்த மண்ணில் வரும். கட்டுமான மணலும் ஜல்லியும் யாரும் கவனிக்காமல் ஏறுபவை. படகு கட்டும் கயிறுகளில் எலித்தடுப்புத் தகடு மாட்டுங்கள், படகுக்குள் எப்போதும் பொறி இருக்கட்டும், இரவில் கரையோடு கட்டிப்போடாமல் நங்கூரமிட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.

நல்ல எண்ணத்தோடு கொண்டுவந்தவையும் அழித்திருக்கின்றன. அந்தமானை அடுத்த நார்கொண்டம் தீவின் பரப்பு 7 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. நார்கொண்டம் இருவாச்சி என்ற பறவை உலகில் வேறெங்கும் இல்லை. அங்கே காவல் முகாமுக்காகக் கொண்டுவந்த ஆடுகள் பெருகி மரக்கன்றுகளை மேய்ந்தன. ஆடு இருவாச்சியைத் தொடாது. ஆனால் அதன் கூட்டுக்குப் பொந்துள்ள பெருமரம் வேண்டும், இன்று மேய்ந்த கன்று நாளை மரமாகாது. ஆடுகளைப் பின்னர் அப்புறப்படுத்தினார்கள். தஹிதியில் ஆப்பிரிக்க ராட்சத நத்தையை ஒழிக்க 1970-களில் ஓநாய் நத்தை என்ற கொன்றுண்ணி நத்தையை விட்டார்கள். அது அந்தத் தீவுக்கூட்டத்துக்கே உரிய பார்ட்டுலா நத்தை இனங்களில் பெரும்பாலானவற்றைத் தின்று தீர்த்தது. இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்ற மஞ்சள் பைத்திய எறும்புக்கு எதிராக 2016-இல் ஒரு நுண்குளவியை விட்டார்கள். அந்த எறும்புக்குத் தேன்துளி கொடுக்கும் அரக்குச் செதில்பூச்சியை அது தாக்கும். வேறு எதைத் தாக்கும் என்று பல ஆண்டுகள் சோதித்த பிறகே அதைத் திறந்துவிட்டார்கள்.

எப்போது பிடிக்க வேண்டும்

அதே கிறிஸ்துமஸ் தீவில் ஒரு சிறு வௌவால் இனம் குறைந்துகொண்டே வந்தது. பிடித்து வளர்க்க அனுமதி 2009-இல் கிடைத்தபோது மிஞ்சியது ஒன்றே ஒன்று போலிருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 26-க்குப் பிறகு அதன் குரலைக் கருவிகள் பதியவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் பிடித்த நீலவால் அரணையும் லிஸ்டர் பல்லியும் கூண்டில் பெருகிப் பிழைத்தன. மொரீஷியஸை ஒட்டிய ஃபிளாட் தீவின் ஆரஞ்சு வால் அரணைகளில் சிலவற்றை இன்னொரு தீவுக்கு முன்கூட்டியே மாற்றியிருந்தார்கள். 2010 வாக்கில் ஃபிளாட் தீவில் மூஞ்சூறு நுழைந்து அங்கிருந்த அரணைகளைத் துடைத்தெடுத்தது. மாற்றியவை மட்டும் மிஞ்சின. ஐந்து மிஞ்சும்வரை காத்திராமல் ஐம்பது இருக்கும்போதே ஒரு பங்கை வேறு தீவுக்கு மாற்றிவிடுங்கள். செஷெல்ஸின் கஸின் தீவில் 30-க்கும் குறைவாக இருந்த செஷெல்ஸ் கதிர்க்குருவி, அங்கே தென்னந்தோப்பை நீக்கி உள்ளூர்க் காட்டை மீட்டதாலும், 1988 முதல் வேறு தீவுகளுக்கும் கொண்டுபோய் விட்டதாலும் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறது.

தீவுக்குப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பல்லி எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளைப் புள்ளி இருக்கும். கருப்பு எலியின் புழுக்கை முழுக்க ஒரே நிறம், ஒரு சென்டிமீட்டர் அளவு, இரு முனையும் கூம்பியிருக்கும். எலி இல்லாத தீவில் அப்படி ஒன்றைக் கண்டால் கூட்டித் தள்ளிவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். கையால் தொடாமல் சிறு புட்டியில் எடுத்து, இடத்தையும் நாளையும் எழுதி ஒட்டுங்கள். அன்றைக்கே தீவுப் பொறுப்பாளரிடம் சேர்ப்பியுங்கள். சினையாக வந்த எலி 21 முதல் 23 நாளில் குட்டி போடும். அதற்கு முன் பொறிகள் வைத்தாக வேண்டும்.