வெந்தயமும் பழைய செய்தித்தாளும்: காகிதக் கூழ் எப்படிக் கெட்டிப்படுகிறது?

பழைய காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, கவிழ்த்த பானையின் மேல் அப்பிக் காயவைத்துக் கூடையும் தட்டும் செய்துகொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. புதிதாக வாங்கிய மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைப்பதற்கும் இதே கூழைத்தான் பூசினார்கள். வட சென்னையின் இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இன்றைக்கும் செய்தித்தாள் கட்டு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகிறது. கிழிந்த தாள்களும், பிள்ளைகள் எழுதி முடித்த நோட்டுகளின் உதிரிப் பக்கங்களும், பொட்டலம் பிரித்த காகிதமும்தான் ஈரக் குப்பையோடு கலந்து கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் சேர்கின்றன. கடைக்காரர் எடைக்கு வாங்க மறுக்கும் இந்த உதிரிக் காகிதமே கூழ் வேலைக்கு மிகவும் ஏற்றது என்பதால், மறந்துபோன இந்தக் கைவேலையின் பின்னால் இருக்கும் அறிவியலைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

நனைந்தவுடன் கிழிந்துபோகும் காகிதம், அதே தண்ணீரில் முழுவதும் கரைத்துக் குழைத்த பிறகு, தட்டினால் ஓசை எழும் அளவுக்கு எப்படி இறுகுகிறது என்பதே இதில் முதன்மையான கேள்வி. வெந்தயத்தின் பசையால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பசைக்கும் பங்கு உண்டு என்றாலும், பெரும்பகுதி வேலையைச் செய்வது வெளியேறிக்கொண்டிருக்கும் தண்ணீர்தான்.

காகிதம் என்பது தாவர இழைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய அடுக்கு. பைன் போன்ற ஊசியிலை மரங்களின் இழை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்கு அகலமும் கொண்டது. யூகலிப்டஸ் போன்ற மரங்களின் இழை 1 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். கரூர் மாவட்டம் புகளூரில் 1979ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் பயன்படுத்தும் கரும்புச் சக்கையின் இழையும் இதைவிடச் சற்றே நீளமானதுதான். எந்தத் தாவரமானாலும் இழையின் அடிப்படைப் பொருள் செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலியான அதில், ஒவ்வோர் அலகிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த மூன்று முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டு இழைகளின் முனைகள் மிக அருகில் வரும்போது அவற்றிடையே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகிறது. தனியாகப் பார்த்தால் அது வலுவற்ற பிணைப்பு. ஆனால் ஓர் இழை மற்றோர் இழையைத் தொடும் சிறு பரப்பில் அத்தகைய பிணைப்புகள் கோடிக்கணக்கில் அமைவதால், சாதாரணத் தாளைத் தாங்கிப் பிடிப்பதற்கு அவையே போதுமானவை.

தண்ணீர் மூலக்கூறுக்கும் இதே முனைகள் உண்டு. காகிதம் நனையும்போது தண்ணீர் இழைகளுக்கிடையே புகுந்து, இழையோடு இழை கொண்டிருந்த பிணைப்பைத் தானே எடுத்துக்கொள்கிறது. நன்றாக நனைந்த சாதாரணக் காகிதத்தில் உலர்ந்த நிலையின் வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை என்பதற்குக் காரணம் இதுவே. ஒரு முழு இரவு ஊறவைப்பதால் நடப்பதெல்லாம் இழைகள் சேதமின்றி ஒன்றையொன்று விட்டுப் பிரிவதுதான். அவை கரைவதில்லை.

காயும்போது இது திசை மாறி நடக்கிறது. இழைகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் தண்ணீர்ப் படலம் மெலிய மெலிய, அதன் பரப்பு இழுவிசை இரு பக்கத்து இழைகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுக்கிறது. இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறுகும்போது அந்த இழுவை வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பத்து மடங்கைத் தாண்டிவிடுகிறது. கையால் எவ்வளவு அழுத்தினாலும் கிடைக்காத நெருக்கம் இவ்வாறு தண்ணீராலேயே கிடைக்கிறது. கடைசித் துளி ஆவியாகும்போது செல்லுலோஸ் முனைகள் ஒன்றையொன்று தொடும் தொலைவுக்கு வந்து மீண்டும் பிணைந்துகொள்கின்றன. மளிகைக் கடையில் முட்டை அடுக்கியிருக்கும் சாம்பல் நிற அட்டைத் தட்டு இதற்கு நல்ல சான்று. பழைய காகிதக் கூழை வலை அச்சில் உறிஞ்சிப் படியவைத்துக் காயவைத்தே அது செய்யப்படுகிறது. ஒட்டுவதற்கென்று தனிப் பசை அதற்குத் தேவைப்படுவதில்லை. ஆனாலும் முப்பது முட்டைகளை அது தாங்குகிறது.

ஆகவே நல்ல கூழ் என்பது இழைகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு அதிகமாக இருக்கும் கூழ். இந்த இடத்தில்தான் உரலுக்கும் மிக்ஸிக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. உலக்கையால் இடிக்கும்போதும் அம்மியில் வைத்து நசுக்கும்போதும் இழையின் மேல்தோல் உரிந்து, அதிலிருந்து மிக நுண்ணிய நார்கள் சிலிர்த்துக்கொண்டு வெளிவருகின்றன. இழையின் நீளம் பெரும்பாலும் குறைவதில்லை. இழை மென்மையாகிறது, தொடும் பரப்பு பலமடங்காகிறது. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் உருவான கூழ் அடிக்கும் எந்திரமும், இன்றைய ஆலைகளில் சுழலும் வட்டத் தகடுகளும் செய்வது இதே வேலையைத்தான். மிக்ஸியின் கூரிய கத்தியோ இழைகளை வெட்டிக் குட்டையாக்கிவிடுகிறது. அந்தக் கூழ் பார்வைக்கு வெண்ணெய் போல வழுவழுப்பாக இருந்தாலும், காய்ந்த பின் விளிம்புகள் எளிதில் உடையும். உரல் இல்லாத வீடுகளில் மிக்ஸியைத் தவிர்க்க முடியாதபோது, தண்ணீரை நிறைய ஊற்றி, விட்டுவிட்டுச் சில நொடிகள் மட்டும் ஓட்டி, மீதியைக் கையால் பிசைந்துகொள்வது நல்லது. தாளைக் கத்தரியால் நறுக்காமல் கையால் கிழித்துப் போடுவதும் இதே காரணத்தால்தான். கிழிந்த ஓரத்தில் இழைகள் முழுதாக நீட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரும் அவ்வழியே விரைவாக உள்ளே இறங்கும்.

இனி வெந்தயத்துக்கு வருவோம். ஊறிய வெந்தயத்தை அரைத்தால் வரும் வழவழப்புக்குக் காரணம் காலக்டோமன்னன் என்னும் கூட்டுச் சர்க்கரை. மன்னோஸ் அலகுகளால் ஆன முதுகெலும்பும், அதில் ஏறக்குறைய ஒவ்வோர் அலகுக்கும் ஒரு காலக்டோஸ் கிளையும் கொண்ட இந்தச் சங்கிலி, செல்லுலோஸ் பரப்பில் ஒட்டிப் படியும் இயல்புடையது. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசினும் இதே குடும்பம்தான். அதைக் காகித ஆலைகள் கூழில் மிகச் சிறிய அளவில் சேர்த்து, இழைகள் திரளாமல் சீராகப் பரவவும் காய்ந்த தாளின் வலிமை கூடவும் பயன்படுத்துகின்றன. வீட்டில் நாம் காகிதத்தின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை வெந்தயம் சேர்க்கிறோம். அது மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஆலையில் கூழை நசுக்கிப் பிழியும் உருளைகள் நம்மிடம் இல்லை. கையால் அப்பிய கூழில் விழும் பெரிய இடைவெளிகளை நிரப்ப அந்த அளவு பிசின் தேவைப்படுகிறது. அதோடு, பிசின் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் கூழ் மெதுவாகக் காய்கிறது. பானையின் வளைவிலிருந்து வழிந்து இறங்காமலும் நிற்கிறது.

புளியங்கொட்டைத் தூளைக் காய்ச்சிய பசை இன்னும் பொருத்தமானது என்பது என் கருத்து. அதில் உள்ள சைலோகுளுக்கன் என்னும் கூட்டுச் சர்க்கரை, தாவரத்தின் செல்சுவரில் செல்லுலோஸோடு இயற்கையாகவே பின்னிக் கிடக்கும் பொருளின் இனத்தைச் சேர்ந்தது. எனவே இழைகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆந்திரத்தின் கொண்டபள்ளி மர பொம்மைகளில் உறுப்புகளைப் பொருத்த இன்றும் புளியங்கொட்டைத் தூளும் மரத்தூளும் சேர்ந்த கலவைதான் பயன்படுகிறது. மைதாப் பசையில் செயல்படுவது ஸ்டார்ச். பச்சைத் தண்ணீரில் கரைத்தால் அது துகள்களாகவே அடியில் தங்கிவிடும், 60 பாகை செல்சியஸைத் தாண்டிய சூட்டில்தான் துகள்கள் உப்பி வெடித்துப் பசையாகும். சுவரொட்டிப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நச்சுப் பொருளான செப்பு சல்பேட் என்பதால், வீட்டில் புழங்கும் பொருளிலும் பிள்ளைகள் கை வைக்கும் கூழிலும் அதைச் சேர்க்கவே கூடாது.

எல்லாக் காகிதமும் ஒரே மாதிரிக் கரைவதில்லை. செய்தித்தாள் விரைவாக ஊறும். பெரும்பாலும் மரத்தை அப்படியே அரைத்த கூழ் அதில் கலந்திருப்பதால், மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின் என்னும் பொருள் மிகுதியாக இருக்கும், வெயிலில் மஞ்சளாக மாறுவதும் அந்த லிக்னின்தான். நோட்டுத்தாளில் மை ஊறிப் பரவாமல் இருக்க நீர் விலக்கும் பொருளைச் சேர்த்திருப்பார்கள் என்பதால், அதை வெந்நீரில் இரண்டு நாளாவது ஊறவைக்க வேண்டும். ஆனால் அதன் கூழ் வெண்மையாகவும் உறுதியாகவும் வரும். பளபளக்கும் வார இதழ்த் தாளின் எடையில் கணிசமான பகுதி சீனக் களிமண்ணோ சுண்ணாம்புத் தூளோதான். அதனால் அதன் கூழ் மேற்பூச்சுக்கு வழவழப்புத் தருமே தவிர, கூடையின் உடற்பகுதிக்கு வலிமை தராது. காகிதக் குவளையின் உட்புறத்தில் பாலித்தீன் பூச்சு இருக்கிறது, அது கரையாது. சூட்டால் அச்சாகும் கடை ரசீதுகளைக் கூழில் சேர்க்கவே வேண்டாம், அவற்றின் பூச்சில் பிஸ்ஃபினால் வகை வேதிப்பொருள்கள் இருக்கக்கூடும். பாரிமுனை ஆண்டர்சன் தெருப் பக்கம் காகித வியாபாரமும் அழைப்பிதழ் அச்சும் நடக்கும் கடைகளில், அச்சேறாத ஓரத் துண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். மை படாத அந்தத் துண்டுகளைவிடச் சிறந்த மூலப்பொருள் கிடைப்பது அரிது.

கூழாக்காமல் காகிதப் பட்டைகளை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எந்திரத்தில் ஓடும்போதே இழைகளில் பெரும்பாலானவை ஓட்டத்தின் திசையில் படிந்துவிடுவதால், செய்தித்தாள் மேலிருந்து கீழாக நேராகக் கிழியும், குறுக்கே கோணலாகக் கிழியும். நனையும்போது இழை அகலத்தில் மிகுதியாகவும் நீளத்தில் மிகச் சிறிதளவும் உப்புகிறது. ஆகவே எல்லாப் பட்டைகளையும் ஒரே திசையில் ஒட்டினால் தட்டு காய்ந்ததும் ஒரு பக்கமாக வளைந்துவிடும். ஒரு அடுக்கு நெடுக்காகவும் அடுத்த அடுக்கு குறுக்காகவும் ஒட்டினால் இரண்டின் இழுவையும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும்.

வட சென்னையில் இந்த வேலை பெரும்பாலும் கெட்டுப்போவது காயவைக்கும் கட்டத்தில்தான். கடலுக்கு அருகில் உள்ள காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் காற்றில் ஈரம் எப்போதும் மிகுதி. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அது 80 சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்பக் காகிதம் தண்ணீரை ஏற்றும் இறக்கும். காற்றின் ஈரப்பதம் பாதியளவாக இருக்கும்போது காகிதம் தன் எடையில் 6 முதல் 8 சதவீதம் நீரை வைத்திருக்கும், மழைநாளில் அது 10 சதவீதத்தையும் கடந்துவிடும். விரல் பருமனுக்கு அப்பிய கூழ் அப்படிப்பட்ட காற்றில் பல நாள் ஈரமாகவே இருந்தால், வெந்தயத்தின் புரதத்தையும் சர்க்கரையையும் உண்டு பூஞ்சை வளர்ந்துவிடும். இதற்கு அஞ்சி, கத்திரி வெயிலில் நேரடியாக மொட்டைமாடியில் வைத்தால் வேறொரு சிக்கல் வருகிறது: மேற்பரப்பு முந்திக் காய்ந்து சுருங்க முயலும்போது உள்ளே ஈரமாக இருக்கும் பகுதி இடம்கொடுப்பதில்லை, விளைவு வெடிப்பு. கூழை முதலில் ஒரு துணியில் வைத்து நன்றாகப் பிழிந்துகொள்வதும், அரை விரல் பருமனுக்கு மேல் ஒரே தடவையில் அப்பாமல் இருப்பதும், முதல் நாள் காற்றோட்டமான நிழலிலும் பிறகு காலை வெயிலிலும் வைப்பதும், கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்தபின் வீட்டுக்குள் எடுத்துவைப்பதும் இரண்டு சிக்கலையும் தவிர்க்கும் வழிகள்.

அச்சைத் தேர்ந்தெடுப்பதிலும் இந்தச் சுருக்கத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். பானையின் வெளிப்புறத்தில் அப்பிய கூழ் காயக் காயப் பானையை இறுக்கிப் பிடிக்கும். நடுவில் ஈரத்துணி போர்த்தாவிட்டால் வெடிக்கும், அல்லது கழற்ற வராது. மாறாக, அகன்ற பேசினின் உட்புறத்தில் அப்பினால், சுருங்கும் கூழ் தானே சுவரை விட்டு விலகி வந்துவிடும். முதன்முறையாகச் செய்பவர்கள் உட்புற அச்சையே தேர்ந்தெடுக்கலாம்.

முற்காலத்தில் இந்தக் கூடைகளில் அரிசியும் வற்றலும் வைத்தார்கள். அச்சிட்ட செய்தித்தாளில் செய்த கூடைக்கு இன்று அதைப் பரிந்துரைக்க முடியாது. உணவைச் செய்தித்தாளில் மடிப்பதும் பரிமாறுவதும் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இல் அறிவுறுத்தியது. 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதிவு விதிமுறைகளும் அதைத் தடை செய்கின்றன. அச்சு மையில் உள்ள பொருள்கள், குறிப்பாக எண்ணெய்ப் பசையுள்ள உணவுக்குள், எளிதில் இறங்கிவிடும். அத்தகைய கூடைகள் பூக்கட்டும் நூல், தையல் பொருள்கள், சாவி, பென்சில் போன்றவற்றுக்கே உரியவை. உணவுக்கு என்றால் மேலே சொன்ன அச்சேறாத ஓரத் துண்டுகளைக் கொண்டு செய்து, உலர்ந்த பொருள்களை மட்டும் வைப்பதே சரி. எந்தக் கூடையானாலும் கழுவக் கூடாது. இழைகளைப் பிணைத்த அதே முனைகள் தண்ணீர் பட்டதும் பிரியத் தயாராகவே இருக்கின்றன, வெந்தயப் பிசினும் நீரில் கரைவதுதான். வெளிப்புறத்தில் வார்னிஷ் பூசினால் ஈரம் உள்ளே இறங்குவது தாமதமாகும், முழுவதும் தடைபடாது. முற்றிலும் காயாத கூழின் மேல் பூசினால் உள்ளீரம் வெளியேற வழியில்லாமல் பூஞ்சைக்கு இடமாகிவிடும்.

உடைந்த கூடையைத் திரும்பவும் ஊறவைத்துப் புதிய கூடை செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் இழை சற்று மாறிவிடுகிறது. ஒரு தடவை முழுதாகக் காய்ந்த இழையின் சுவருக்குள் இருந்த நுண்துளைகளில் ஒரு பகுதி நிரந்தரமாக மூடிக்கொள்ளும். மறுபடி ஊறவைத்தாலும் பழைய அளவுக்கு அது உப்புவதில்லை, விறைப்பாகவே இருந்து குறைந்த பரப்பில்தான் பக்கத்து இழையைத் தொடுகிறது. அரைக்கும்போது நீளமும் குறைகிறது. காகித ஆலைகளில் ஓர் இழை ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு சுற்றுகள் வரைதான் பயன்படும் என்று கணக்கிடுவதும், பழைய காகிதக் கூழோடு புதிய கூழைக் கலப்பதும் இதனால்தான். வீட்டிலும் பழைய கூடையின் கூழோடு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு வேறு காகிதம் சேர்த்து, அதை உரலில் சற்று அதிக நேரம் இடித்துக்கொள்ள வேண்டும். நீளமான ஊசியிலை மர இழை கலந்த பழுப்பு நிறத் தபால் உறைகள் கிடைத்தால் அவற்றையே அந்தப் பங்குக்கு வைத்துக்கொள்ளலாம், விளிம்பும் கைப்பிடியும் அமையும் இடத்தில் அந்த இழைகள் நன்றாகத் தாங்கும்.