ரிமோட்டில் அணைத்த விளக்கில் கை வைக்காதீர்கள்

வயரிங் வேலைக்குப் போகிற வீடுகளில் ரிமோட் சுவிட்ச் அடிக்கடி கண்ணில் படுகிறது. சுவிட்ச் போர்டுக்குள் அடங்கிவிடுகிற ஒரு சர்க்யூட், கையடக்க ரிமோட், அதில் நாலு விளக்கும் ஒரு ஃபேனும். முட்டிவலியால் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே சிரமப்படுகிற பெரியவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் சொல்லாமல் விடுகிற சில விஷயங்கள் இருக்கின்றன. முதல் விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது.

பல்பு மாற்ற வேண்டும். ரிமோட்டை அழுத்துகிறோம், விளக்கு அணைகிறது, ஸ்டூல் போட்டு ஏறி ஹோல்டரில் கை வைக்கிறோம். இதைச் செய்யவே கூடாது. அந்த விளக்கு அணைந்திருக்கிறதே தவிர, அங்கே கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை.

ரிமோட் சுவிட்சில் இரண்டு வகை உண்டு. அழுத்தும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் உள்ளே ரிலே, அதாவது காந்தத்தால் முனைகளைச் சேர்த்துப் பிரிக்கிற சுவிட்ச், இருக்கிறது. சத்தமே இல்லாமல் விளக்கு எரிந்தால் பெரும்பாலும் ட்ரையாக் என்கிற எலக்ட்ரானிக் சுவிட்ச். ட்ரையாக் என்பது தொடர்பை முழுதாகத் துண்டிக்கிற பொருள் அல்ல. அணைந்த நிலையிலும் கொஞ்சம் கசியும். அதன் பாதுகாப்புக்காகக் குறுக்கே ஒரு கெப்பாசிட்டரும் வைப்பார்கள். அது 0.1 மைக்ரோஃபாரட் என்றால், நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சுமார் 7 மில்லி ஆம்பியர் அதன் வழியாகப் போக முடியும். 1 மில்லி ஆம்பியரே உடம்புக்குத் தெரியும். 10-ஐத் தொட்டால் பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 7-இல் உயிர் போகாமல் இருக்கலாம். ஆனால் சுருக்கென்று இழுத்ததும் ஸ்டூலிலிருந்து பின்பக்கமாக விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரியில் அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுங்கினால், பல்பைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் இந்தக் கசிவுதான் அது.

ரிலே வகையில் இந்தக் கசிவு இல்லை. ஆனால் வேறு ஆபத்து இருக்கிறது. நீங்கள் ஸ்டூல்மேல் நிற்கும்போது பிள்ளை ரிமோட்டை எடுத்து அழுத்தினால்? மலிவான செட்டுகள் பலவும் ஒரே மாதிரி குறியீட்டில் வேலை செய்கின்றன. டிவி ரிமோட்டை அழுத்தினால் விளக்கு எரிகிற வீட்டை நானே பார்த்திருக்கிறேன். அதனால் பல்பு மாற்றுவதானால் டிபி பாக்ஸில் (வீட்டு லைன்கள் பிரிகிற பெட்டியில்) அந்த விளக்கு லைனின் எம்சிபி-யை, அதாவது பிரேக்கர் சுவிட்சை, இறக்குங்கள், அப்புறம் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், அதன் பிறகு தொடுங்கள். பழைய சுவர் சுவிட்சைக் கழற்றிப் போட விடாதீர்கள். ரிமோட் சர்க்யூட்டுக்கு முன்னால் அது இருந்தே ஆக வேண்டும். 'இனிமே எதுக்குங்க இது' என்று கேட்கிற ஆளிடம் பிடிவாதமாக நில்லுங்கள்.

இன்னொரு இடம், அந்தச் சின்ன சென்சார். மூன்று கால் வைத்த கறுப்புத் துண்டு. ரிமோட்டின் கதிரை வாங்குகிற கண் அதுதான். அதற்கு வேண்டியது 5 வோல்ட் மட்டுமே என்பதால் 'இதில் ஒன்றும் இல்லை' என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல சர்க்யூட்டில் அந்த 5 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக, மெயினோடு ஒட்டாமல் வரும். செலவைக் குறைப்பதற்காகப் பல சர்க்யூட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது. 474 என்று அச்சடித்த ஒரு கெப்பாசிட்டரைப் போட்டு மெயினிலிருந்தே நேராக வோல்டேஜை இறக்கிவிடுகிறார்கள். அப்படியானால் சென்சாரின் மூன்று காலிலும் மெயின் கரண்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போர்டில் ஓட்டை போட்டு, கால் தெரிகிற மாதிரி சென்சாரை வெளியே இழுத்து டேப் சுற்றி விட்டிருப்பார்கள். டேப் பிசுபிசுத்துக் கழன்ற பிறகு ஈரத்துணியால் போர்டைத் துடைக்கிறவருக்குத்தான் ஷாக். சென்சார் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால், கைபடாத இடத்தில் இருக்க வேண்டும். வெளியே தொங்கினால் ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்யுங்கள்.

நம் வீடுகளில் பல சுவிட்ச் பாக்ஸுக்குள் பேஸ் (கரண்ட் வருகிற கம்பி) மட்டும்தான் வரும், நியூட்ரல் (திரும்பிப் போகிற கம்பி) வராது. ரிமோட் சர்க்யூட்டுக்கு இரண்டுமே வேண்டும். அதனால் பக்கத்தில் எங்கே கிடைக்கிறதோ அங்கிருந்து நியூட்ரலை இழுக்கிறார்கள். அது வேறு லைனின் நியூட்ரல் என்றால் இ.எல்.சி.பி. (கசிவு இருந்தால் கரண்டை நிறுத்துகிற பாதுகாப்பு சுவிட்ச்) காரணமில்லாமல் இறங்குகிற மாதிரி தோன்றும். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில் குழப்பம் இன்னும் அதிகம். இதைவிட மோசம், பேஸுக்குப் பதிலாக நியூட்ரலை ரிலே வழியாகக் கொடுப்பது. விளக்கு சரியாக எரியும், அணையும். ஹோல்டரில் மட்டும் எப்போதும் பேஸ் நிற்கும்.

ரிலேயின்மேல் 10 ஆம்பியர் என்று எழுதியிருப்பதை நம்பி மோட்டாரையோ கீசரையோ அதில் கொடுக்காதீர்கள். நிறைய எல்இடி விளக்குகளை ஒரே ரிலேயில் சேர்த்தாலும் போடுகிற நொடியில் பாய்கிற கரண்டில் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். அப்புறம் ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் அணையாது.

'ரிமோட் வேலை செய்யல' என்று கூப்பிடுகிறவர்கள் முதலில் ஒன்று செய்து பார்க்கலாம். இந்த ரிமோட்டுகள் பெரும்பாலும் 940 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரைத்தான் அனுப்புகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத அது மொபைல் கேமராவுக்குத் தெரியும். ரிமோட்டின் முனையைக் கேமராவுக்கு நேரே பிடித்து அழுத்துங்கள். ஊதா நிறத்தில் மின்னினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. சில போன்களின் பின்கேமரா இந்தக் கதிரை வடிகட்டிவிடும், முன்கேமராவில் பாருங்கள். ரிமோட்டில் கோளாறு இல்லையென்றால் சென்சாரைப் பாருங்கள். அது நொடிக்கு சுமார் 38,000 முறை துடிக்கிற கதிரை மட்டும் கவனிக்கும்படி செய்யப்பட்டது. ஜன்னல் வெயில் நேராக அதன்மேல் விழுந்தாலும், பக்கத்தில் பழைய சிஎஃப்எல் எரிந்தாலும் அது திணறும்.

கடைசியாக, ரிமோட்டின் பேட்டரி. அட்டை மாதிரி தட்டையான ரிமோட்டுகளில் 2025 என்று எழுதிய வட்டப் பேட்டரி இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம். ஸ்க்ரூ இல்லாத மூடி என்றால் சின்னக் குழந்தைகூட இழுத்து எடுத்துவிடும். விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும், பேட்டரி தீர்ந்துபோனதாக இருந்தாலும். ரிமோட்டில் பேட்டரியைக் காணோம், குழந்தை எச்சில் ஒழுக்கிக்கொண்டு சாப்பிட மறுக்கிறது என்றால் மலத்தில் வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிக்கொண்டு போய், பேட்டரியை விழுங்கியிருக்கலாம் என்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.