உள்வாடகை பாக்கி: யார் யாரைக் காலிசெய்யச் சொல்லலாம்?

வாடகைக்கு எடுத்த வீட்டையோ கடையையோ, முழுதாகவோ ஒரு பகுதியாகவோ இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவதுதான் உள்வாடகை. பணம் ஒழுங்காக வரும்வரை யாரும் எதையும் கேட்பதில்லை. இரண்டு மூன்று மாதம் பாக்கி விழுந்ததும் முதல் வாடகைதாரர் கதவைப் பூட்டுகிறார், உள்வாடகைதாரர் காவல் நிலையத்துக்குப் போகிறார், உரிமையாளர் வந்து "இவர் யார், எனக்குத் தெரியாதே" என்கிறார். இந்த மூவருக்கும் தமிழ்நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் நகர்ப்புற வாடகைக்கு இப்போது நடப்பில் இருப்பது, உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம். 22 பிப்ரவரி 2019 முதல் அமலில் இருக்கிறது. 1960-இல் வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது இது. வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்று மூன்று நிலைகள் இதில் உண்டு. வாடகைதாரர் என்ற சொல்லுக்குள் உள்வாடகைதாரரையும் இந்தச் சட்டம் சேர்க்கிறது.

எல்லாம் தொங்குவது 7-ஆம் பிரிவில்தான். உரிமையாளர் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் தராமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்கிறது அது. வாய்வார்த்தையாக "சரி, வெச்சுக்கோங்க" என்று அவர் சொல்லியிருந்தால் போதாது. மாடிப்படியில் தினம் பார்க்கிறார், சிரிக்கிறார் என்பதும் சம்மதம் ஆகிவிடாது. எழுத்து வேண்டும். உள்வாடகைக்குப் போகிறவர் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் கேட்டு வாங்க வேண்டிய முதல் காகிதம் இது. கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று கூசி விட்டுவிடுகிறவர்களே அதிகம். தயவுசெய்து கேளுங்கள்.

சம்மதம் இருக்கிறது, ஆனால் உள்வாடகைதாரர் பணம் தரவில்லை என்றால்? அவரிடம் வாடகை வாங்கும் முதல் வாடகைதாரர், அவரைப் பொறுத்தவரை உரிமையாளர் இடத்தில் நிற்கிறார். பாக்கியைக் காரணமாகக் காட்டிக் காலிசெய்யக் கோருவதற்கு 21-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. இரண்டு மாத வாடகை நிலுவையில் இருக்க வேண்டும். அதைக் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுப் பாக்கியையும் கட்டிவிட்டால், அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற உத்தரவு போட முடியாது. ஆனால் இந்தச் சலுகையை ஒருமுறை வாங்கிக்கொண்டு, அடுத்த ஓராண்டுக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் மறுபடியும் பாக்கி வைத்தால் இரண்டாவது முறை அது கிடைக்காது. நோட்டீஸ் வந்தவர்கள் கோபத்தில் அதைக் கிழித்துப் போடுவதைவிட, அந்த ஒரு மாதத்தைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. அவர்களுக்காகவே சட்டம் கொடுத்த அவகாசம் அது.

எழுத்துச் சம்மதம் இல்லாத உள்வாடகையில்தான் பெரிய சிக்கல். அங்கே முதல் வாடகைதாரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போய், "இவர் எனக்குப் பாக்கி வைத்திருக்கிறார், காலிசெய்யச் சொல்லுங்கள்" என்று மனு போட்டால், சம்மதம் இல்லாமல் இடத்தை இன்னொருவரிடம் விட்டதை அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதே 21-ஆம் பிரிவில், சம்மதமின்றி இடத்தை இன்னொருவர் கைவசம் மாற்றிக் கொடுப்பதும் வெளியேற்றத்துக்கு ஒரு காரணம். உரிமையாளர் அதைப் பிடித்துக்கொண்டு இருவரையும் காலிசெய்யச் சொல்லலாம். இதனால்தான் இப்படிப்பட்டவர்கள் நீதிமன்றத்துக்குப் போகாமல் பூட்டு, மிரட்டல், மின்சாரத்தைத் துண்டிப்பது என்று இறங்குகிறார்கள்.

அதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை. குடிநீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை 20-ஆம் பிரிவு தடுக்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால் அவற்றைத் திரும்பக் கொடுக்க அவர் உத்தரவிடலாம். பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். சட்ட வழியில் இல்லாமல் யாராவது வலுக்கட்டாயமாக வெளியேற்றினால், 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6-ஆம் பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தை மீண்டும் தன் கைவசம் பெறலாம். அந்த வழக்கில் சொத்து யாருடையது என்று பார்க்க மாட்டார்கள். குடியிருந்தவர் சட்டத்துக்கு வெளியே வெளியேற்றப்பட்டாரா என்பதுதான் கேள்வி. ஆறு மாதம் என்பது கறாரான கெடு, அதைத் தவறவிடாதீர்கள்.

உள்வாடகைதாரர்கள் அடிக்கடி செய்யும் ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். "நான் கொடுக்கிற வாடகையை அவர் உரிமையாளருக்குக் கட்டுவதில்லை, அதனால் நானும் நிறுத்திவிட்டேன்" என்பார்கள். நியாயமான கோபம்தான். ஆனால் நிறுத்தியவுடன் பாக்கிக்காரர் என்ற பெயர் உங்கள் மேல் விழுகிறது. அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று நீங்களாகவே முடிவு செய்வதும் அப்படித்தான். வாடகையை யாரிடம் கொடுப்பது என்றே குழப்பமாக இருந்தால், அல்லது கொடுத்தும் வாங்க மறுத்தால், 14-ஆம் பிரிவின்படி வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி உண்டு. உரிமையாளரிடம் நேரடியாகக் கட்டுவதென்றால் மூவரும் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் இருக்கட்டும். கையில் ரொக்கமாகக் கொடுப்பவர்கள் ஒவ்வொரு மாதமும் ரசீது கேளுங்கள், அது 13-ஆம் பிரிவு தரும் உரிமை. வங்கி வழியாக அனுப்பினால் இன்னும் நல்லது.

ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகி, பதிவெண் வாங்கியிருக்க வேண்டும். இந்தப் பதிவு இல்லாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்டுவதில் 4ஏ பிரிவு தடை போடுகிறது. இதைச் செய்யாததால் இரு பக்கமும் கஷ்டப்படுகிறார்கள்.

அரசுக் கட்டடங்கள், வேலை ஒப்பந்தத்தின் பகுதியாக ஊழியருக்குத் தரப்படும் வீடுகள், லாட்ஜ் போன்றவை இந்தச் சட்டத்துக்குள் வராது. சட்டம் எட்டாத இடங்களில் சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். மாத வாடகைக்கு இருப்பவருக்கு 15 நாள் நோட்டீஸ், பிறகு உரிமையியல் நீதிமன்றம்.

உரிமையாளர் முதல் வாடகைதாரர் மேல் வழக்குப் போட்டு வெளியேற்ற உத்தரவு வாங்கிவிட்டால், பொதுவாக அது உள்வாடகைதாரரையும் கட்டுப்படுத்தும். வழக்கில் அவர் பெயர் இல்லாவிட்டாலும் அப்படித்தான் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. இருவரும் கூட்டுச் சேர்ந்து மோசடியாக வாங்கிய உத்தரவு என்று காட்ட முடிந்தால் மட்டும் எதிர்க்க இடமிருக்கிறது. மற்றபடி காலிசெய்ய வேண்டி வரும். அப்போதும் கொடுத்த அட்வான்ஸ் போய்விடாது. அதைத் திருப்பித் தர வேண்டியவர் அதை வாங்கிய முதல் வாடகைதாரர். நீங்கள் அவருக்குத் தர வேண்டிய உண்மையான பாக்கி எவ்வளவோ அதைக் கழித்து மீதியைக் கேட்கலாம். அதேபோல் வாடகைப் பாக்கியை வசூலிக்க வழக்குப் போடும் காலவரம்பு, பாக்கி விழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்.