மோப்பத்தால் உலகை அறியும் விலங்கைப் படமெடுத்தல்

ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகத்தின் ஆண் இரண்டு டன் எடைக்கு வளரும். தோள் உயரம் ஏறத்தாழ ஆறடி. உலகில் இவ்வினத்தில் எஞ்சியிருப்பவை ஏறக்குறைய 4,000. அவற்றில் பாதிக்கு மேல் அசாமின் காசிரங்கா தேசியப் பூங்காவில் வாழ்கின்றன. 2022 மார்ச் மாதக் கணக்கெடுப்பில் அங்கே 2,613 எண்ணப்பட்டன. இவ்வளவு பெரிய விலங்கு இத்தனை இருந்தும், மழைக்காலம் முடிந்து பூங்கா திறந்த புதிதில் செல்கிறவர் பல மணி நேரம் சுற்றியும் ஒரு முதுகைக்கூடக் காணாமல் திரும்ப நேரலாம். காரணம் புல். பிரம்மபுத்திராவின் வெள்ளம் ஆண்டுதோறும் கொண்டுவந்து சேர்க்கும் வண்டலில், உள்ளூர் மக்கள் ஏகரா என்றும் ககரி என்றும் அழைக்கும் நாணல் வகைகள் ஜீப்பையே மறைக்கும் உயரத்துக்கு வளர்கின்றன. சனவரி, பிப்ரவரி மாதங்களில் வனத்துறையினர் இந்தப் புல்லைப் பகுதி பகுதியாக எரிக்கிறார்கள். கரிந்த நிலத்தில் சில வாரங்களில் இளந்தளிர் முளைக்க, அதை மேய்வதற்காகக் காண்டாமிருகங்கள் வெட்டவெளிக்கு வருகின்றன. கணக்கெடுப்பு மார்ச் மாதத்தில் நடப்பதும் இதனால்தான். படமெடுக்க விரும்புகிறவருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே உகந்தவை என்பது என் எண்ணம்.

இந்த விலங்குக்குக் கண்பார்வை மங்கல். அது உலகை அறிவது மூக்கினாலும் காதினாலும். தூரத்தில் அசையாமல் நிற்கும் மனிதனை அது கவனிக்காமல் போகலாம். ஆனால் அவன் மீது பட்டு வரும் காற்று அதன் பக்கம் திரும்பினால் உடனே தலையை உயர்த்திவிடும். காசிரங்காவில் சுற்றுலாப் பயணிகள் ஜீப்பிலிருந்து இறங்கக் கூடாது. ஆகவே காற்றுக்கு எதிர்ப்புறமாக நடந்து நெருங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை ஓட்டுநரிடம் சொல்ல முடியும். விலங்கிருக்கும் பக்கத்திலிருந்து நம்மை நோக்கிக் காற்று வீசும் இடத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு அமர்ந்திருப்பதைப் போன்ற பயனுள்ள வழி வேறில்லை.

எங்கே காத்திருப்பது என்பதற்கும் அதன் மூக்கே விடை தருகிறது. காண்டாமிருகங்கள் கண்ட இடத்தில் சாணமிடுவதில்லை. பல விலங்குகள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து சாணமிட, அங்கே பெரிய குவியல் எழுகிறது. அந்தப் பக்கமாக வரும் ஒவ்வொன்றும் குவியலை முகர்ந்து, தனக்கு முன் வந்து போனது யார் என்பதை அறிந்துகொள்கிறது. குவியலில் ஈரமான புதுச் சாணம் தெரிந்தால், அப்பகுதியில் காண்டாமிருகம் நடமாடுகிறது என்று உறுதியாக நம்பலாம். பீல் எனப்படும் ஆழமற்ற ஏரிகளின் ஓரத்திலுள்ள சேற்றுக் குட்டைகள் அடுத்த இடம். வெயில் ஏறியதும் உடலைக் குளிர்விக்கவும் பூச்சிக்கடியிலிருந்து தப்பவும் அவை இங்கே வந்து மணிக்கணக்கில் கிடக்கின்றன. புல் உயரமாக இருக்கும் இடங்களில் உண்ணிக்கொக்கைப் பாருங்கள்: புல்லின் நுனிக்கு மேலே ஒரு வெள்ளைக் கொக்கு தரையைத் தொடாமல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தால், அதன் காலடியில் காட்டெருமையோ யானையோ காண்டாமிருகமோ இருக்கிறது.

விலங்கு கண்ணில் பட்டதும் கேமராவுக்கு முன்பாகக் கவனிக்க வேண்டியது அதன் காதுகளை. கிண்ணம் போன்ற அந்த இரு காதுகளும் ஒன்றைச் சாராமல் மற்றொன்று திரும்பக்கூடியவை. மேய்ந்துகொண்டிருக்கும்போது ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாகச் சுழன்றுகொண்டிருந்தால் அது அமைதியாக இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நம் பக்கம் நிலைகுத்தி, தலை உயர்ந்து, மூக்கிலிருந்து சீறல் கேட்டால், வண்டியை அங்கிருந்து நகர்த்திவிட வேண்டும். குட்டியோடு இருக்கும் தாயிடம் அதற்கும் முன்பே விலகிவிடுவது நல்லது. பாய்ந்து வரும்போது அது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். கொம்பால் குத்தும் என்று பலரும் நினைக்கிறார்கள்; உண்மையில் இந்த இனம் சண்டையில் பெரிதும் பயன்படுத்துவது கீழ்த்தாடையில் உளிபோல நீண்டிருக்கும் கூரிய வெட்டுப்பற்களை.

இனி வெளிச்சம். கேமரா, தான் காணும் காட்சி முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் கொண்டது என்று கருதிக்கொண்டே வெளிச்சத்தை அளக்கிறது. வெளிறிய புல்லும் பனிமூட்டமும் சட்டகத்தை நிறைத்திருக்க, நடுவே சேறு பூசிய கரிய உடல் சிறிதாக நிற்கும்போது, கேமரா மொத்தக் காட்சியையும் இருட்டாக்கிவிடுகிறது. தோலின் மடிப்புகள் ஒரே கறுப்புத் திட்டாகின்றன. அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஏறத்தாழ ஒரு ஸ்டாப் (இருமடங்காக) கூட்ட வேண்டும். அதே விலங்கு நெருங்கி வந்து சட்டகத்தை நிறைக்கும்போது நிலைமை தலைகீழாகும். கரிய தோலைச் சாம்பலாக்கிக் காட்ட முயலும் கேமராவைக் கட்டுப்படுத்த, எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டியிருக்கும். நாட்டின் கிழக்கே அசாம் இருப்பதால் டிசம்பரில் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடுகிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

தானியங்கி ஃபோகஸ் முன்னால் அசையும் புல்லையே பற்றிக்கொள்ளும். ஒற்றைப் புள்ளி ஃபோகஸைத் தேர்ந்து கண்ணில் வைப்பதே வழி. கண் சிறியது, மடிப்புகளின் நிழலில் புதைந்திருப்பது, ஆகவே பொறுமை வேண்டும். நண்பகலில், கரிந்த தரையிலிருந்து எழும் வெப்பக் காற்று ஒளியை வளைத்து அலைக்கழிப்பதால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் தொலைவுப் படம் கலங்கியே தெரியும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் அது தீராது. தொலைவைக் குறைப்பது அல்லது காலை வரை காத்திருப்பது, இவ்விரண்டே உண்டு.

பலரும் முகத்தையும் கொம்பையும் நெருக்கமாக எடுப்பதிலேயே முனைகிறார்கள். நான் மதிப்பது முழு உடலும் பக்கவாட்டில் தெரியும் படத்தை. கொம்பின் வளைவு, காது மடலின் கிழிசல், கழுத்து மடிப்புகளின் அமைப்பு, தோளிலும் தொடையிலும் உள்ள குமிழ்கள், பழைய தழும்புகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு காண்டாமிருகத்தை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய முடியும். 2022இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1886 முதல் 2018 வரை எடுக்கப்பட்ட, 80 காண்டாமிருகங்களின் பக்கவாட்டுப் படங்களில் உடல் நீளத்தோடு ஒப்பிட்டுக் கொம்பை அளந்தார்கள். காண்டாமிருகத்தின் ஐந்து இனங்களிலும் காலப்போக்கில் கொம்பு சிறுத்து வந்திருப்பது தெரிந்தது. நீண்ட கொம்புள்ளவை வேட்டையில் மிகுதியாக அழிய, குட்டைக் கொம்புள்ளவை பிழைத்துப் பெருகியது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். முகத்தை மட்டும் காட்டும் படம் இந்த அளவைக்கு உதவியிருக்காது. கொம்புக்காக இன்றும் கொல்லத் துணிகிறவர்கள் இருப்பதால், படத்தைப் பொதுவில் பகிருமுன் அதில் பதிந்துள்ள இடக் குறிப்பை நீக்கிவிடுவதும் இன்றியமையாதது.

காதின் கிழிசலும் தழும்பும் இரு பக்கங்களிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஆகவே ஒரு பக்கம் கிடைத்தவுடன் வண்டியைக் கிளப்பச் சொல்லாமல், அது குட்டையிலிருந்து எழுந்து, சேறு சொட்ட மெல்லத் திரும்பி, மறுபக்கத்தையும் காட்டும் வரை உட்கார்ந்திருங்கள்.