உருமாறியா, உருமாற்றியா?

செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்த, நினைத்தபடி தோற்றம் மாறக்கூடிய பச்சை உடல்காரரான ஜான் ஜோன்ஸ் என்ற காமிக்ஸ் நாயகரைப் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் அவரை 'உருமாற்றி' என்கிறார்கள். அனிமேஷன் தொடரின் துணைவரியிலும் இதே சொல்தான், ரசிகர் கட்டுரையிலும் இதே சொல்தான். கொஞ்சம் மாறுதலுக்கு 'வடிவமாற்றி' என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டும் தவறு. சின்னத் தவறு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ஒரே ஒரு மெய்யெழுத்தில் ஒரு பாத்திரத்தின் சக்தியே தலைகீழாகிப் போகிறது. அதனால் விட மனம் வரவில்லை.

ஆங்கிலச் சொல் 'ஷேப்ஷிஃப்டர்'. ஷேப் என்பதன் பழைய வடிவத்துக்குப் படைப்பு, படைக்கப்பட்ட தோற்றம் என்று பொருள். ஷிஃப்ட் என்பதற்கு முதலில் பிரித்தல், ஒழுங்குபடுத்துதல் என்று பொருள் இருந்து, பிறகுதான் இடம் மாறுதல், நிலை மாறுதல் என்று வந்தது. ஓநாயாகும் மனிதர்களைப் பற்றிய நாட்டார் கதைகளுக்குப் பழகிப்போன இந்தச் சொல்லைக் காமிக்ஸ் உலகம் எடுத்து வேற்றுக்கிரகவாசிகளுக்கும் வைத்துக்கொண்டது. வரலாறு இவ்வளவு போதும்.

அந்த வேற்றுக்கிரகவாசிகளில் ஜான் ஜோன்ஸ் மூத்தவர். 1955 நவம்பரில் வந்த டிடெக்டிவ் காமிக்ஸ் 225ஆம் இதழில், ஜோசப் சமாக்சன் எழுத, ஜோ செர்ட்டா வரைய, முதன்முதலாகத் தோன்றினார். டாக்டர் எர்டல் என்ற விஞ்ஞானி செய்த கருவி அவரைச் செவ்வாயிலிருந்து இங்கே இழுத்து வந்துவிடுகிறது. வந்தவரைப் பார்த்த அதிர்ச்சியில் எர்டல் இறந்துவிட, திரும்பிப் போக வழியில்லை. உடனே மனித உருவெடுத்துப் போலீஸ் துப்பறிவாளராக வேலைக்குச் சேர்கிறார். செவ்வாய்ப் பெயரும் துப்பறிவாளர் பெயரும் ஒலியில் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டலும் அபாஸ்ட்ரஃபிக் குறியும் வைத்து வேறுபடுத்துகிறார்கள். தமிழில் எழுதினால் அந்த வேறுபாடும் கரைந்து ஒரே ஜான் ஜோன்ஸ் ஆகிவிடுகிறார். 1960இல் ஜஸ்டிஸ் லீக் என்ற நாயகர் குழு தொடங்கியபோது சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் ஆகியோருடன் இவரும் நிறுவன உறுப்பினர்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'உரு' என்ற முன்பாதியில் எனக்குச் சண்டை இல்லை. மிகப் பொருத்தமான சொல் அது. தொல்காப்பிய உரியியல் 'உருவுட் காகும்' என்கிறது. அதாவது 'உரு' என்றால் உட்கு, அச்சம். 'உருகெழு' என்று சங்கப் பாடல்களில் வருவதும் அஞ்சத்தக்க என்ற பொருளில்தான். தோற்றம் என்ற பொருளும் அச்சம் என்ற பொருளும் ஒரே ஒலியில் நிற்கின்றன. 2008இல் மார்வெல் வெளியிட்ட சீக்ரெட் இன்வேஷன் கதையைப் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று புரியும். ஸ்க்ரல் என்ற வேற்றுக்கிரக இனத்தவர் பூமி நாயகர்களின் உருவில் ஆண்டுக்கணக்கில் கலந்திருக்க, பக்கத்தில் நிற்பவர் யார் என்றே யாருக்கும் தெரியாமல் போகிறது. அங்கே அச்சத்தைக் கிளப்புவது ஆயுதம் அல்ல, உருதான்.

சிக்கல் பின்பாதியில் இருக்கிறது. மாறு என்பது தன்வினை. மாற்று என்பது பிறவினை. ஓடு, ஓட்டு. ஆடு, ஆட்டு. திரும்பு, திருப்பு. பள்ளியில் படித்த பாடம்தான். இவற்றோடு இகர விகுதி சேர்ந்து பெயராகும்போதும் வேறுபாடு அப்படியே நிற்கும். நாட்டுக்கு நாடு தானே ஓடுபவர் நாடோடி. படகை ஓட்டுபவர் படகோட்டி. இதைக் குழப்பி 'நாடோட்டி' என்று யாராவது எழுதினால், நாட்டையே ஓட்டிச் செல்பவர் என்றுதான் பொருள் வரும். தொட்டால் தானே சுருங்குகிற செடி தொட்டால்சுருங்கி. அதைத் தொட்டால்சுருக்கி என்று எந்த ஊரிலும் சொல்வதில்லை. அதேபோல் தானே உரு மாறுபவர் உருமாறி. வேறொன்றின் உருவை மாற்றுவது உருமாற்றி. மின்மாற்றி மின்னழுத்தத்தை மாற்றுகிறது, அது தான் வேறாக மாறுவதில்லை. இணையத்தில் பழைய தமிழ்க் கோப்புகளோடு மல்லுக்கட்டிய எல்லோரும் எழுத்துரு மாற்றியைப் பயன்படுத்தியிருப்பார்கள். அது நாம் ஒட்டும் எழுத்துகளை ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவி. 'உருமாற்றி' என்று படித்ததும் என் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பெட்டிதான், பச்சை உடல்காரர் அல்ல.

இதற்கு ஒரு மறுப்பு சொல்வார்கள். அது வலுவான மறுப்புதான். அவர் தன் உருவைத் தானே மாற்றுகிறார் அல்லவா, விருப்பப்படி செய்கிறார் அல்லவா, 'மாறி' என்றால் ஏதோ தானாக நடந்துவிடுவது போல இருக்கிறதே என்பார்கள். 'சட்டை மாற்றினான்' என்றால் தன் சட்டையைத்தானே மாற்றினான் என்றும் கேட்பார்கள். நியாயம். ஆனால் கவனித்துப் பாருங்கள். சட்டை கழற்றி வைக்கக்கூடிய தனிப்பொருள். உடல் அப்படி அல்ல. தன்னிடமே ஒரு மாற்றத்தைச் செய்துகொள்பவனைப் பற்றிப் பேசும்போது தமிழ் 'கொள்' என்ற துணைவினையைத் தேடிப் போகும்: மாற்றிக்கொண்டான், திருத்திக்கொண்டான், மறைத்துக்கொண்டான். 'உருமாற்றிக்கொள்பவர்' என்று முழுதாக எழுதினால் எனக்கு மறுப்பே இல்லை. அந்தக் 'கொள்' போய்விட்டால் செயல் வெளியே இன்னொருவர் மேல் பாய்ந்துவிடுகிறது. அப்புறம், தன்வினை என்றால் விருப்பமில்லாமல் நடப்பது என்ற எண்ணமே பிழை. நாடோடி தன் விருப்பத்தில்தான் நடக்கிறார். ஓடுவதும் ஆடுவதும் பாடுவதும் விருப்பத்தோடு செய்பவைதான். 'கட்சி மாறினார்' என்கிறோம், அதை யாரும் தானாக நடந்த விபத்து என்று எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. உருமாற்றி என்ற சொல்லை ஜான் ஜோன்ஸுக்குச் செலவழித்துவிட்டால், உண்மையிலேயே அந்தச் சொல் தேவைப்படுபவருக்கு என்ன கொடுப்போம்? 1978இல் அறிமுகமான ஃபயர்ஸ்டார்ம், வெளியே இருக்கும் பொருள்களின் அணுக்கட்டமைப்பை மாற்றி ஒரு பொருளை வேறொரு பொருளாக்குபவர். அவர்தான் உருமாற்றி. ராமோனா ஃப்ராடன் வரைந்த மெட்டமார்ஃபோ தன் உடலையே வாயுவாகவும் உலோகமாகவும் ஆக்கிக்கொள்பவர். அவர் உருமாறி. இருவருக்கும் ஒரே சொல்லை வைத்தால் இரண்டு சக்திகளும் வாசகர் மனதில் ஒன்றாகிவிடும். ஃபென்டாஸ்டிக் ஃபோர் இரண்டாம் இதழில், ஸ்க்ரல்கள் முதன்முதலாக வந்த அந்த 1962 கதையின் முடிவில், நாயகர் குழுவின் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் அவர்களைப் பசுமாடுகளாக மாறச் சொல்லி, தாங்கள் பசுக்கள் என்றே நம்பும்படி மனவசியம் செய்துவிடுகிறார். அங்கே மாறியவர்கள் ஸ்க்ரல்கள். ரீட் மனதை வசியம் செய்தாரே தவிர உடலைத் தொடவில்லை. தன்வினை பிறவினையைக் குழப்பும் மொழிபெயர்ப்பில் இந்தக் காட்சியில் யார் என்ன செய்தார் என்பதே விளங்காது.

'உருமாறி' என்பது வினையெச்சம் போல ஒலிக்கிறது, 'உருமாறி வந்தான்' என்பதில் வருவது போல, என்று இன்னொரு குறை சொல்கிறார்கள். உருமாற்றியும் வினையெச்சம்தானே? 'உருமாற்றி அனுப்பினான்' என்று எழுதுவதில்லையா? தாங்கி, காட்டி, ஓட்டி எல்லாமே இரண்டு வேலையும் பார்க்கும் சொற்கள்தான். அதோடு 'மாறி' பெயர்ச்சொல்லாக நமக்குப் புதிதும் அல்ல. கணக்குப் புத்தகத்தில் எக்ஸும் ஒய்யும் மாறிகள், நிலையான எண் மாறிலி. உருமாறியை, உருமாறியின், உருமாறிகள் என்று வேற்றுமை ஏறியதும் குழப்பம் தீர்ந்துவிடும்.

மக்கள் வழக்கும் இந்தப் பக்கம்தான். புவியியல் பாடத்தில் உருமாறிய பாறை. கொரோனாக் காலத்தில் எந்தச் செய்தியிலும் 'உருமாறிய கொரோனா'. 'உருமாற்றிய கொரோனா' என்று எந்தச் செய்தி வாசிப்பாளரும் வாசித்ததாக நினைவில்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமலே அத்தனை பேருக்கும் சரியாக வந்த இலக்கணம் காமிக்ஸ் எழுதும்போது மட்டும் ஏன் தப்பிப்போகிறது? ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் கிடைத்த முதல் சொல்லை ஒட்டுவதால்தான். 'வடிவமாற்றி' அப்படிப் பிறந்ததுதான். வடிவம் என்பது எல்லைக்கோடு: சதுர வடிவம், வட்ட வடிவம், கோப்பு வடிவம். ஜான் ஜோன்ஸ் மாறும்போது கோடு மட்டுமா மாறுகிறது? நிறம், முகம், குரல், உடலின் கட்டு எல்லாம் மாறுகின்றன. அந்த முழுமையைச் சொல்ல 'உரு'தான் வேண்டும்.

'பச்சோந்தி மனிதன்' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். பச்சோந்தி நிறம் மாறும், உரு மாறாது. அது ஒருபுறம் இருக்கட்டும். தமிழில் பச்சோந்தி வசைச்சொல். கொள்கை மாறுபவரை, ஆளுக்கொரு பேச்சுப் பேசுபவரைத்தான் அப்படிச் சொல்வோம். தோற்றம் ஆயிரம் முறை மாறினாலும் நேர்மை மாறாதவர் என்பதற்காகவே ரசிகர்கள் நேசிக்கும் ஒருவருக்கு இந்தப் பெயரா? 1960இல் வந்த கமீலியன் பாய்க்கு, அதாவது பச்சோந்திப் பையனுக்கு, வேண்டுமானால் பொருந்தும். டர்லா கிரகத்திலிருந்து வந்த அந்தப் பையனின் நாயகப் பெயரே அதுதான். ஸ்பைடர்மேனின் எதிரி கமீலியனுக்கும் சரி. 1963இல் அறிமுகமானபோது அந்த ஆள் உருமாறியே அல்ல, மாறுவேடக்காரன். முகமூடியும் ஒப்பனையும்தான் அப்போது அவன் வித்தை.

இங்கே நம் மொழி எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள். உடைக்கும் முகத்துக்கும் மாறுவேடம். உடலே மாறினால் உருமாற்றம். உயிர் ஓர் உடலை விட்டு இன்னோர் உடலுக்குள் புகுந்தால் கூடுவிட்டுக் கூடு பாய்தல். செத்த பிறகும் அலைந்து, கண்டவர் உடலில் புகுந்து துப்புத் துலக்கும் டெட்மேனுக்கு இந்த மூன்றாவது சொல் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் கூடுவிட்டுக் கூடு பாய்பவர் என்று ஜான் ஜோன்ஸை எழுதிவிடுகிறார்கள். அவர் எந்த உடலையும் விட்டுப் போகவில்லை. இருப்பது ஒரே உடல்.

பழைய சொல் ஒன்றும் இருக்கிறது, காமரூபி. நினைத்த உருவை எடுப்பவர் என்று பொருள். வடமொழிச் சொல் என்பதற்காக மட்டும் நான் அதை ஒதுக்கவில்லை. இன்றைய வாசகருக்குக் காமம் என்றால் ஒரே பொருள்தான் தோன்றும். சிறுவர்களும் படிக்கும் சித்திரக்கதையில் ஒவ்வொரு பக்கத்திலும் விளக்கம் கேட்கும் சொல்லை வைத்து என்ன பயன்? தெளிவான தமிழ்ச் சொல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அது தேவையும் இல்லை.

எந்த உரு என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'எடு' என்ற வினை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மாரீசன் மான் உருவெடுத்தான் என்றுதான் கதை சொல்கிறோம். ஜான் ஜோன்ஸ் துப்பறிவாளர் உருவெடுத்தார் என்று எழுதினால் அழகாக இருக்கும். 'துப்பறிவாளராக உருமாற்றம் செய்தார்' என்று எழுதும்போது வாக்கியத்தில் உயிரே இல்லை. செய்தார், மேற்கொண்டார், நிகழ்த்தினார் என்று எல்லா வினையையும் பெயராக்கி, பின்னால் ஒரு வெற்று வினையைத் தொங்கவிடும் பழக்கம் இப்போது எங்கும் பரவிவிட்டது. காமிக்ஸ் என்பது சின்னக் கட்டத்துக்குள் நாலு சொல்லில் பேச வேண்டிய கலை. அங்கே இந்தச் சுமை தாங்காது.

உருமாறி என்பதில் இன்னொரு நன்மை, அது பால் காட்டாது. ரன்அவேஸ் கதையில் வரும் ஸ்க்ரல் இளவல் சேவின் ஆணாகவும் தோன்றுவார், பெண்ணாகவும் தோன்றுவார். உருமாறுபவன் என்றோ உருமாறுபவள் என்றோ எழுதினால் பாதிக் கதையில் பொய்யாகிவிடும். உருமாறி என்றால் கடைசி வரை நிற்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஜான் ஜோன்ஸின் பட்டப்பெயரைச் சொல்லாமல் போக முடியாது. ஆங்கிலத்தில் அவர் மார்ஷியன் மேன்ஹன்டர். இதைச் 'செவ்வாய் மனித வேட்டைக்காரன்' என்று பெயர்த்திருப்பதைப் பார்த்து நொந்துபோனேன். மனிதர்களை வேட்டையாடுபவன் என்றால் தமிழில் அவன் கொலைகாரன், அல்லது நரமாமிசம் தின்பவன். ஆங்கிலத்தில் அந்தச் சொல் தப்பியோடிய குற்றவாளியைத் தேடிப் பிடிப்பவரைக் குறிக்கிறது. 1940களிலேயே, ஜான் ஜோன்ஸுக்கு முன்பே, அதே பெயரில் குற்றவாளிகளைத் துரத்திய நாயகர்கள் காமிக்ஸில் இருந்தார்கள். இவரோ போலீஸ் துப்பறிவாளர் வேலை பார்த்தவர், அதுவும் டிடெக்டிவ் காமிக்ஸ் என்ற இதழிலேயே பிறந்தவர். பெயர்ச்சொல்லாக விட வேண்டுமென்றால் மார்ஷியன் மேன்ஹன்டர் என்று தமிழ் எழுத்தில் அப்படியே விடுங்கள். பெயர்த்தே ஆக வேண்டுமென்றால் செவ்வாய்த் துப்பறிவாளர் என்று எழுதுங்கள். அதன் கீழே ஒரு வரியில், 'தீ ஒன்றைத் தவிர எதற்கும் அஞ்சாத உருமாறி' என்று போட்டால் ஆள் யார் என்று தெரிந்துவிடும்.