மலைக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் கச்சான்

ஜூலையில் இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள காலி நகரில் கடல் கொந்தளித்துக் கிடக்கும். அதே வாரம் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால்விரல் தெரியும். அதனால் 'இலங்கைக்கு எந்த மாதம் போகலாம்?' என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எந்தக் கரைக்கு என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

காரணம், தீவின் நடுவே எழுந்து நிற்கும் மலைநாடு. அதன் உச்சி 2,524 மீட்டர். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று கடலின் ஈரத்தோடு வந்து அதில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும் காற்று விரிந்து குளிரும். மேகம் கட்டாதவரை 1,000 மீட்டருக்கு வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை (டிகிரி செல்சியஸ்) குறையும். மேகம் கட்டியபின் நீராவி துளியாகும்போது வெப்பம் வெளிப்படுவதால், அந்தக் குறைவு 5 பாகை அளவுக்குத் தணிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கரையில் 30 பாகையில் இருக்கும் காற்று 600 மீட்டரில் மேகமானால் அங்கே 24 பாகை. 2,000 மீட்டரில் 17. வழியிலேயே ஈரத்தைக் கொட்டிவிட்டதால் மறுபக்கம் வறண்டு இறங்கும். 1,000 மீட்டருக்கு 10 பாகை வீதம் சூடேறிக் கிழக்குக் கரையைத் தொடும்போது 37 பாகை! மட்டக்களப்பார் 'கச்சான்' என்று சொல்லும் காற்று இதுதான். ஜூன், ஜூலையில் அங்கே போகிறவர்கள் நண்பகல் வெயிலில் அலையாமல், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். மலைநாட்டைக் கடந்து பதுளைக்குப் போகும் ரயிலில் ஏறினால் இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே காணலாம்: பட்டிப்பொல நிலையம் வரை மூடுபனியும் தூறலும், சுரங்கத்தைக் கடந்ததும் பல நாள்களில் வெயில்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எல்லாம் தலைகீழ். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வர, கிழக்குக் கரை நனையும். காலி, மிரிஸ்ஸ பக்கம் கடல் அடங்கும். பிப்ரவரியில் கிழக்கிலும் மழை ஓயத் தொடங்கும்.

சோழகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், தென்மேற்குக் கரையில் வானம் வெளுத்திருப்பதை நம்பிக் கடலில் இறங்குவதுதான் பெரிய தவறு. மழை நின்றாலும் தொலைவில் பிறந்த அலை வந்துகொண்டே இருக்கும். கரைக்கு வந்த நீர் குறுகிய ஓடையாகத் திரும்பி ஆளைக் கடலுக்குள் இழுக்கும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக்கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகியபின் கரை சேர வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம்.

இரு பருவங்களுக்கும் இடையிலுள்ள மார்ச்-ஏப்ரலும் அக்டோபர்-நவம்பரும் இடிமழைக் காலம். காலையில் தெளிவான வானம். வெயில் நிலத்தைச் சூடாக்க, கடற்காற்றின் ஈரம் மேலெழுந்து பிற்பகலில் மின்னலோடு கொட்டும். மலையேற்றம், படகுப் பயணம் எதுவானாலும் நண்பகலுக்குள் முடித்துவிடுவது நல்லது. நவம்பரில் வங்கக்கடல் புயலும் சேரலாம். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்தது அப்படி வந்த ஒன்றுதான்.

நுவரெலியாவுக்கு எந்த மாதமும் கம்பளிச் சட்டை வேண்டும். மலைமேல் உள்ள ஹோட்டன் சமவெளியில் ஜனவரி விடியலில் புல்மேல் உறைபனி படிவதுண்டு. அங்குள்ள 'உலக முடிவு' பாறை விளிம்பை காலை 9 மணிக்குள் அடைந்துவிடுங்கள். அதற்குப்பின் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி எதிரிலுள்ளதை எல்லாம் மூடிவிடும்.