முதியவருக்கு இரண்டு வாசல்கள்: நவீன உதவிக் கருவிகளை அரசுத் திட்டங்களில் பெறும் முறை

அறுபது வயதைக் கடந்தபின் பார்வையையோ செவித்திறனையோ பெருமளவு இழந்த ஒருவர், முதியவர் என்ற முறையில் ஒரு திட்டத்துக்கும் மாற்றுத்திறனாளி என்ற முறையில் வேறொரு திட்டத்துக்கும் உரியவராகிறார். இரண்டுமே மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் திட்டங்கள். இரண்டிலும் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அலிம்கோ என்னும் பொதுத்துறை நிறுவனமே முதன்மையாகக் கருவிகளை வழங்குகிறது. ஆனால் கிடைக்கும் பொருள்கள் ஒன்றல்ல. உணர்விகளும் (சென்சார்) மின்னணுவும் சேர்ந்த நவீன கருவி தேவைப்படுபவர் எந்த வாசல் வழியாக நுழைகிறார் என்பதைப் பொறுத்தே அவர் கைக்கு வருவது அமையும்.

முதலாவது, 2017 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா. அறுபது வயது நிறைந்து, வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கும் இது உரியது. கைத்தடி, நடைச்சட்டம், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி, பல்செட், முழங்கால் பட்டை போன்றவை இதில் இலவசமாகக் கிடைக்கும். ஒருவருக்குப் பல குறைபாடுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் உரிய கருவியைப் பெறலாம். அன்றாடத் தேவைக்கு இவை போதுமானவை. எனினும், பார்வையற்ற முதியவர் ஒருவர் தனியாகத் தெருவில் இறங்கி நடக்க இந்தப் பட்டியல் பெரிதாக உதவாது.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்க 1981 முதல் நடைமுறையில் உள்ள ஏ.டி.ஐ.பி. (ADIP) திட்டம். நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் ஊனம் இருப்பதாகச் சான்று பெற்ற இந்தியக் குடிமக்கள் எந்த வயதிலும் விண்ணப்பிக்கலாம். திருத்தப்பட்ட விதிமுறைப்படி, மாத வருமானம் 22,500 ரூபாய் வரை இருப்பவர்களுக்குக் கருவியின் முழுச் செலவும், 30,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்குப் பாதிச் செலவும் ஏற்கப்படுகிறது. அதே தேவைக்காகக் கடந்த மூன்று ஆண்டுகளில் அரசிடமோ உள்ளாட்சி அமைப்பிடமோ தொண்டு நிறுவனத்திடமோ உதவி பெற்றிருக்கக் கூடாது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தக் காலம் ஓராண்டு. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் இணைந்த திறன்பேசி, மின்மோட்டார் பொருத்திய மூன்று சக்கர வண்டி, ஸ்மார்ட்கேன் எனப்படும் உணர்விக் கைத்தடி ஆகியவை இந்த வாசலில்தான் உள்ளன.

ஸ்மார்ட்கேன் என்னவென்று சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கைத்தடி தரையிலும் முழங்காலுக்குக் கீழும் உள்ள தடைகளைத்தான் தட்டிக் காட்டும். தாழ்ந்த மரக்கிளை, திறந்து கிடக்கும் சன்னல் கதவு, லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி போன்றவை முகத்தில் மோதிய பிறகுதான் தெரியவரும். தில்லி ஐ.ஐ.டி.யில் உருவாக்கப்பட்டு, சென்னையைச் சேர்ந்த ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்து, 2014இல் வெளிவந்த இந்தக் கருவி கைத்தடியின் பிடியில் பொருந்துகிறது. காதுக்குக் கேட்காத மீயொலி அலைகளை அனுப்பி, சுமார் மூன்று மீட்டருக்குள் இருக்கும் தடையை உணர்ந்து, அதன் தூரத்துக்கு ஏற்ப வெவ்வேறு விதமாக அதிர்ந்து எச்சரிக்கிறது. காதுக்கு வேலை தராமல் விரலுக்குத் தருவது இதன் சிறப்பு. ஏனெனில் தெருவின் ஓசைகளைக் கேட்டபடியே நடப்பவருக்குக் காது வேறு வேலையின்றி இருக்க வேண்டும்.

ஆகவே, முதுமையில் திறன் இழந்தவர் முதலில் செய்ய வேண்டியது ஊனச் சான்றிதழ் பெறுவது. “வயதானால் இது வரத்தானே செய்யும்” என்று குடும்பத்தார் விட்டுவிடுவதுண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படிப் பிரிக்கவில்லை. அது 21 வகை ஊனங்களை வரையறுக்கிறது. வயதைக் காரணம் காட்டி எவரையும் விலக்குவதில்லை. ஆனால் அளவுகோல் உண்டு. இரு காதுகளிலும் 60 டெசிபல் அல்லது அதற்கு மேல் கேட்கும் திறன் குறைந்திருந்தால்தான் அது செவித்திறன் ஊனமாகக் கொள்ளப்படும். அதற்குக் குறைவானால் வயோஸ்ரீயே வழி. பார்வையை, கண்ணாடி முதலியவற்றால் இயன்ற திருத்தம் செய்த பிறகே அளவிடுகிறார்கள். எனவே கண்புரை இருப்பவர் அறுவை சிகிச்சையை முடித்துவிட்டுச் செல்வது நல்லது. சான்றிதழுக்கான விண்ணப்பத்தை, மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி அடையாள அட்டை வழங்கும் யு.டி.ஐ.டி. (UDID) இணையதளம் வழியாகவே அளிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனைக்குப் பின் கிடைக்கும் அட்டை, நாற்பது முதல் எண்பது விழுக்காட்டுக்குள் மஞ்சள் நிறத்திலும் அதற்கு மேல் நீல நிறத்திலும் இருக்கும். வெள்ளை அட்டை நாற்பதுக்குக் குறைவான ஊனத்தைக் குறிப்பதால் ஏ.டி.ஐ.பி.க்குப் பயன்படாது.

அட்டையும் வருமானச் சான்றும் ஆதாரும் கையில் இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடுத்த மதிப்பீட்டு முகாமின் நாளைக் கேட்டறியலாம். முகாமில் அளவெடுத்து, தேவையைப் பதிவு செய்துகொள்வார்கள். கருவி பின்னர் வழங்கல் முகாமில் வரும். ஆகையால் முதல் நாளிலேயே கையில் கிடைக்கும் என்று எண்ணிச் செல்ல வேண்டாம். திறன்பேசியோ உணர்விக் கைத்தடியோ வேண்டுமென்றால் மதிப்பீட்டின்போதே அதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்; அப்படிக் கேட்டுக்கொள்ளாதவருக்குச் சாதாரணக் கைத்தடி எழுதப்பட்டுவிட்டால், அதன்பின் மூன்றாண்டுக் கட்டுப்பாடு குறுக்கே நிற்கக்கூடும்.

புதிய கருவிகளை உருவாக்குவோருக்குத் தனி வழி உள்ளது. மறுவாழ்வுக்கான ஆராய்ச்சியை ஊக்குவிப்பது அரசின் கடமை என்று மேற்சொன்ன சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறுகிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் டைடு (TIDE) திட்டம், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான தொழில்நுட்பங்களுக்கு நிதி தருகிறது. ஆனால் ஆய்வகத்தில் பிறந்த எல்லாக் கருவிகளும் முகாமுக்கு வந்துவிடுவதில்லை என்பதால், செய்தியில் படித்த ஒரு கருவியைச் சொந்தப் பணத்தில் வாங்கும் முன், அது திட்டத்தின் பட்டியலில் உள்ளதா என்று அலிம்கோவிடம் விசாரித்துக்கொள்ள வேண்டும். வாங்கிய பிறகு அந்தத் தொகையை ஈடுகேட்டுப் பெறுவது இத்திட்டங்களின் நடைமுறையில் இல்லை. இவை பொருளாகத் தருபவை.